சொந்த வாக்கியம் ஒன்று

பேசத் தெரியாத ஆள் வேண்டும் என்று திருச்சியில் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்ட ஊரில், பேச்சு போனவர்களுக்குப் பேச்சை வரவழைக்கும் படிப்பை நாலு வருஷம் படிக்கப் போகிறேன் என்று பொன்மலை அற்புதசாமியின் மகள் பெலிண்டா அறிவித்தபோது, ரயில்வே குவார்ட்டர்ஸே திகைத்துப் போனது.

"பேசறதுக்கு நாலு வருஷமா? எங்க மாமியார் மூணாங்கிளாஸ்தான் படிச்சாங்க. வந்து கேட்டுப் பாருங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பெலிண்டா படித்தாள். நாக்கு எங்கே தொட்டால் எந்த எழுத்து பிறக்கும், மூளையில் எங்கே அடைத்தால் எந்தச் சொல் காணாமல் போகும் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தாள். படிப்பு முடிந்ததும் ஸ்ரீரங்கத்தில், பேச்சுத்திறன் மீட்பு மையம் என்கிற அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். ஒரு வருஷத்துக்குள் ஒரே ஒரு பயனாளியாவது பேச வேண்டும். அவர் பேசிய வாக்கியத்தை அதிகாரிகள் தம் காதால் கேட்டு, படிவத்தின் பதினான்காம் கலத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பொன்மலைக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

சேர்ந்த அன்றே பெலிண்டா ஒரு கண்ணாடி கேட்டு எழுதினாள். தன் உதடு எப்படி அசைகிறது என்று பார்த்தால்தான் பேச்சு திரும்பும். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "கண்ணாடி அழகு சாதனப் பொருளாகும். அலுவலக நேரத்தில் அழகுபடுத்திக்கொள்ள விதிகளில் இடமில்லை." அதன் பிறகு அவள் தன் செல்போனைத் திருப்பிப் பிடித்தே எல்லோருக்கும் உதட்டைக் காட்டினாள்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தில்லைநகரிலிருந்து ஸ்ரீவித்யா என்று ஒரு தாய், மூன்று வயதுப் பிள்ளையைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை வாசலிலிருந்தே மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தான்.

"நல்லாத்தானே பேசறான்?" என்றாள் பெலிண்டா.

"பேசறான் மேடம். ஆனா தமிழ்ல பேசறான்."

"தமிழ் வியாதி இல்லீங்களே."

"முத்தறதுக்கு முன்னாடி பார்த்துட்டா நல்லதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க."

இப்படியே ஒன்பது மாதம் ஓடியது. அதில் நிஜமாகவே பேச்சை இழந்து வந்தவர் ஒருவர்தான். வெள்ளைச்சாமி. முப்பது வருஷம் ஜங்ஷனில் மைக்கில் வண்டி அறிவித்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து, வலது கையையும் வாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் மனைவி செல்லாண்டியம்மா செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருவாள். "ஊருக்கெல்லாம் வண்டி வருதுன்னு சொன்ன மனுசன், பசிக்குதுன்னு சொல்ல முடியாம உக்காந்திருக்காரும்மா" என்று முதல் நாள் அழுதாள். பெலிண்டாவுக்கும் கண் கலங்கியது.

அவர் வர ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் காவிரிப் பாலத்தில் ரயில் கூவியது. வெள்ளைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மதுரையிலிருந்து சென்னை எழும்பூர் வரை செல்லும் அதிவிரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்!" என்று மணிமணியாகச் சொல்லி முடித்து, மறுபடி ஊமையானார். பெலிண்டா துள்ளிக் குதித்தாள். மனப்பாடமான பேச்சு மூளையில் தங்கிவிடும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் வெளியே இழுத்துவிடலாம் என்று அவள் புத்தகத்தில் படித்திருந்தாள். இழுக்க ஆரம்பித்தாள். நாலு மாதத்தில் "தண்ணி" வந்தது. "டீ" பாதி வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆய்வு வந்தது. ஒன்றல்ல, இரண்டு. தகுதி ஆய்வு அலுவலர் மாத்ருபூதம், பயனாளிக்குப் பேச்சு வரவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்; வந்தால் பெயர் நீக்கப்படும். முன்னேற்ற ஆய்வு அலுவலர் ஜெய்சங்கர், அதே பயனாளிக்குப் பேச்சு வருகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். வராவிட்டால் பெலிண்டா நீக்கப்படுவாள். இருவரும் ஒரே ஜீப்பில் வந்தார்கள்.

"சார், ஒரே ஆள் எப்படி ரெண்டும் செய்வாரு?" என்றாள் பெலிண்டா.

"ஒரே சமயத்துல செய்யச் சொல்லலியேம்மா" என்றார் மாத்ருபூதம் பெருந்தன்மையாக. "பதினொண்ணுலேர்ந்து பதினொண்ணேகால் வரைக்கும் பேச முடியாம இருக்கட்டும். அப்புறம் சார் நேரத்துல பேசட்டும்."

வெள்ளைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்ருபூதம் காதைத் தீட்டிக்கொண்டு, அவர் பேசாததைக் குறித்துக்கொண்டிருந்தார். பதினொன்று பத்துக்குப் பாலத்தில் ரயில் கூவியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று தொடங்கி, முதலாவது நடைமேடை வரை கொண்டுபோய் விட்டார் வெள்ளைச்சாமி.

"பேசிட்டாரு! தகுதி போச்சு" என்றார் மாத்ருபூதம்.

"முன்னேற்றம்தான். ஆனா என் நேரத்துல பேசலியே" என்றார் ஜெய்சங்கர்.

பெலிண்டா பதினான்காம் கலத்தைக் காட்டிக் கெஞ்சினாள். இருவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள். பிறகு ஜெய்சங்கர் தொண்டையைச் செருமினார்.

"இந்த வாக்கியம் ரயில்வேயோடது. ரயில்வே மத்திய அரசு, நாம மாநில அரசு. அவங்க வாக்கியத்தை நம்ம படிவத்துல ஏத்தணும்னா தடையில்லாச் சான்று வாங்கணும். சொந்த வாக்கியமா ஒண்ணு சொல்லச் சொல்லும்மா."

"எங்க வீட்டுக்காரரு வாயிலேர்ந்துதானே சார் வந்துச்சு?" என்றாள் செல்லாண்டியம்மா.

"விதிமுறைகளுக்குட்பட்டு ஆவன செய்யப்படும்" என்றார் மாத்ருபூதம்.

பெலிண்டாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சார், காலையிலேர்ந்து நீங்க பேசினதுல உங்க சொந்த வாக்கியம் ஒண்ணு சொல்லுங்க, பார்ப்போம்!"

மாத்ருபூதம் வாயைத் திறந்தார். "இது குறித்து..." என்று தொடங்கி நிறுத்தினார். "மேலிடத்தின் கவனத்துக்கு..." அதுவும் சரியில்லை. ஜெய்சங்கர் உதவிக்கு வந்தார். "பார்வையில் காணும் கடிதத்தில்..." என்று சொல்லிவிட்டு அவருக்கும் வேர்த்தது. இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு நிலைமை அவர்களுக்கு வந்ததே இல்லை.

ஆனால் இருவரும் நேர்மையான அதிகாரிகள். சொந்த வாக்கியம் வராதவர் பயனாளி என்பது விதி. அலுவலர் பயனாளியாகக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. மாத்ருபூதத்தின் தகுதியை ஜெய்சங்கரும், ஜெய்சங்கரின் தகுதியை மாத்ருபூதமும் சரிபார்த்துச் சான்றளித்தார்கள். செவ்வாய், வெள்ளி, காலை பதினோரு மணி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டே நாளில் ஆளுயரக் கண்ணாடி வந்து இறங்கியது. வெள்ளைச்சாமியின் பெயர், ரயில்வேயின் தடையில்லாச் சான்று வரும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது.

பெலிண்டா முதலில் பொருமினாள். பிறகு ஆறாவது வாரம், கண்ணாடி முன் உட்கார்ந்திருந்த ஜெய்சங்கர், யாருடைய ஒப்புதலும் இல்லாமல், "பசிக்குது" என்றார். மாத்ருபூதம் எழுந்து நின்று கைதட்டினார். பதினான்காம் கலம் நிரம்பியது. பெலிண்டாவின் வேலை நிரந்தரமானது. பொன்மலையில் அற்புதசாமி தெருவுக்கே கேக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை செல்லாண்டியம்மா கணவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். இது ஏழாவது தடவை.

"இவருக்கு எப்பம்மா திரும்ப ஆரம்பிப்பீங்க? தண்ணிங்கறதும் மறந்துரும் போலிருக்கு."

பெலிண்டாவின் மேஜையில் கோப்புகள் குவிந்திருந்தன. அவள் தலை நிமிராமல் சொன்னாள். "பரிசீலனையில இருக்குங்கம்மா. மேலிடத்துக்கு எழுதியிருக்கு. உத்தரவு வந்ததும் தெரியப்படுத்தறோம்."

வெள்ளைச்சாமி அவளையே பார்த்தார். பாலத்தில் ரயில் எதுவும் கூவவில்லை. அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, நடுங்கியது, கூடியது.

"நீயுமா... ம்மா?" என்றார்.

செல்லாண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெலிண்டா புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பதினான்காம் கலத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதி, அன்றைக்கே அதிகாரிகளுக்கு அனுப்பினாள்.

பதினைந்து நாளில் படிவம் திரும்பி வந்தது. ஓரத்தில் மாத்ருபூதத்தின் குறிப்பு இருந்தது: "பயனாளி பேசியது கேள்வியாக உள்ளது. கேள்விகள் இவ்வலுவலகத்தில் பதிவு செய்யப்படுவதில்லை."

பெலிண்டா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அதன் கீழே "பார்த்தேன்" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கோப்பில் வைத்தாள்.