குருவிக்கு எடுத்துப்போன வடை

என் குருவி மாமாவுக்கு, மணவாள நகரிலிருந்து உன் பெண்சாதி அஞ்சம்மாள் எழுதிக்கொண்டது. இங்கு நானும் எருமையும் சுகம். மேலே போய்ச் சேர்ந்துவிட்ட உனக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல், அதனால் விசாரிக்கவில்லை.

முக்கியமான சேதி, உன் குருவியைப் பார்த்துவிட்டேன். நீ ஆனைமலையில அணை கட்டுற வேலைக்குப் போய் வந்த நாள்லேருந்து, அங்க இருட்டுக் காட்டுக்குள்ள மொழங்கா ஒசரத்துல ஒரு நீலக்குருவி பாடும், என்னை ஒருநாள் இட்டுக்கினு போய்க் காட்டறேன்னு சொல்லிச் சொல்லியே டீக்கடையில உனக்குக் குருவின்னு பேரு வந்துச்சு, எனக்குக் குருவி பொண்டாட்டின்னு பேரு வந்துச்சு, புளுகன்னு சிரிச்சாங்க, காட்டாமலே நீயும் போயிட்ட. உன் கூட்டாளி தாவீது அண்ணன் அங்கியே எஸ்டேட்டு லாரி ஓட்டறாரு இல்ல, "நான் காட்டறேன் வா தங்கச்சி"ன்னு கூப்ட்டாரு. உன் வருச திவசம் முடிஞ்சதும் கெளம்பிட்டேன். அவங்க ஊட்லயே வடை சுட்டு முந்தானையில முடிஞ்சிக்கினேன்.

காடா அது! பட்டப்பகல்ல இருட்டு. பிரம்பு முள்ளு பொடவையைப் புடிச்சு இழுக்குது, அட்டை கால்ல ஏறுது, நான் "ஐயோ மாமா"ன்னு கத்தறேன். "வாய மூடு தங்கச்சி, குருவி ஓடிடும்"ன்றாரு. "அட்டை ஓடுமா?"ன்னேன். "ஓடாது, அதுக்குக் காது இல்ல"ன்றாரு. பேஜாரு புடிச்ச மனுசன். அப்புறம் பாறை மேல குந்திக்கினோம். ஓடையோரப் பொதருக்குள்ள பாட ஆரம்பிச்சுது மாமா, யாருக்கும் கேக்காம சின்னப்புள்ள விசிலடிச்சுப் பழகற மாதிரி. பாத்தேன். நீல முதுகு, மாருல காவி, மொழங்கா ஒசரத்துல குச்சி மேல குந்திக்கினு வாலை ஒரு ஆட்டு ஆட்டிச்சு. நீ சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்ல. வந்ததும் டீக்கடை பூவராகவன் கிட்ட நாலு பேரு கேக்க சொல்லிட்டேன். இனிமே உன்ன எவனும் புளுகன்னு சொல்ல முடியாது.

அங்க மேல இருக்கிற எங்க அம்மாவுக்கு என் கும்பிடு சொல்லு. அவங்ககிட்ட சண்டை வளக்காத.

இப்படிக்கு,
அஞ்சம்மாள்
ஐப்பசி, 1971

பின்குறிப்பு: உன்கிட்டப் போயி பொய் எழுதறது இன்னாத்துக்கு. நான் பாக்கல மாமா. பாட்டு கேட்டதும் நீதான்னு தோணிச்சு, வடையைப் பிட்டுப் பாறை மேல வெச்சு, அமாவாசைக்கு ஊட்ல கூப்புடற பழக்கத்துல "கா... கா..."ன்னு கூப்ட்டுட்டேன். காடே கப்சிப். தாவீது அண்ணன் தலையில அடிச்சிக்கினு வடையைத் தின்னுட்டாரு. முதுகு, மாரு, வாலு எல்லாம் நீ சொன்னதுதான், அதைத்தான் பூவராகவனுக்கும் சொன்னேன். வர்ற அமாவாசைக்கு சோறு வைக்கணும். காக்காவா வருவியா, குருவியா வருவியா, நான் இன்னான்னு கூப்புடட்டும்?