மேற்படி எச்.டி.ஆர். வீடியோ சம்பந்தமாக

குடிநீர்க் குழாய் ஒழுகினால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும்? வீடியோ கேம் விளையாட வேண்டும். இது என் கருத்து இல்லை, எங்கள் குடிநீர்த் துறையின் தீர்மானம். ‘குழாய் வேட்டை’ என்று, ஒழுகுகிற இடத்தைத் தேடிப் பிடிக்கிற ஒரு கேம் செய்தார்கள். விளையாட ஒரு ஆளும் வரவில்லை. யாராவது விளையாடுவதைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினால் ஜனங்களுக்கு ஆசை வரும் என்று முடிவானது. அந்த யாராவது நான்தான். துறையில் வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒப்பந்த ஊழியர்.

இதற்கிடையில் துணை இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். போகும்போது நல்லாத்தான் போனார். வரும்போது எச்.டி.ஆர். என்ற மூன்றெழுத்தோடு வந்தார்.

“ஏம்மா, இனி நம்ம வீடியோ எல்லாம் எச்.டி.ஆர்.லதான் இருக்கணும். அப்படின்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும் சார். கும்மிருட்டும் கொளுத்துற வெயிலும் ஒரே காட்சியில இருந்தாலும், ரெண்டும் நேர்ல பார்க்கிற மாதிரி தெரியும்.”

“நல்லவேளை, உனக்காவது தெரியுதே. இது கமிட்டியில பாஸ் ஆச்சுன்னா உன் வேலை நிரந்தரம். ஆகலைன்னா, இந்த மாசத்தோட சரி.”

நிரந்தரம்! அந்த ஒரு வார்த்தைக்காக நான் கும்பிடாத அதிகாரி இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு கேம் பைத்தியம். அவருடைய கம்ப்யூட்டரில், அவருடைய நல்ல திரையை வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துப் பதிவு செய்தேன். பாதாளக் குழாயின் இருட்டில் ஒழுகுகிற துளிகூட மின்னியது. மூடியைத் திறந்து மேலே வந்தால் வெயில் முகத்தில் அடித்தது. வெட்டி ஒட்டும்போதும் அந்த வெளிச்சம் செத்துப்போகாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன். “அடேயப்பா!” என்றார் வீட்டுக்காரர். கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதில்லை.

கமிட்டி அறையில் இருக்கிற திரைக்கு என்னைவிட சர்வீஸ் அதிகம். எச்.டி.ஆர். காட்டுகிற தெம்பு அதற்கு ஏது? வெயிலும் சாம்பல், இருட்டும் சாம்பல். மொத்தப் படமும் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி நின்றது.

“என்னம்மா, பனிமூட்டத்துல எடுத்தியா?” என்றார் கணக்கு அதிகாரி.

“வீடியோவுல கோளாறு இல்ல சார். இதுக்குன்னு இருக்கிற திரையில பார்த்தாத்தான் தெரியும்.”

“அதை வாங்கணும்னா, எச்.டி.ஆர். ஒசத்தின்னு நீ நிரூபிக்கணும்.”

“நிரூபிக்கிறேன் சார். ஒரு எச்.டி.ஆர். திரை குடுங்க.”

“நிரூபிக்காம எப்படிம்மா வாங்குறது? இந்தத் திரையிலேயே நிரூபிச்சுக் காட்டு.”

ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அதே காட்சியைச் சாதாரண வீடியோவாக மாற்றி ஓடவிட்டேன். பாழாய்ப்போன அது பளிச்சென்று இருந்தது. சாதாரண வீடியோவே மேலானது என்று கமிட்டி ஏகமனதாகக் கண்டறிந்தது. ஆயினும் எச்.டி.ஆர். வீடியோதான் ஏற்றப்பட வேண்டும் என்ற உத்தரவு அமலில் இருப்பதையும் கவலையுடன் கருத்தில் கொண்டது.

துணை இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஒண்ணு பண்ணு. நல்லா இருக்கே அந்தச் சாதாரண வீடியோ, அதோட மூலையில எச்.டி.ஆர்.னு எழுதிடு.”

“சார், அது பொய்யாச்சே!”

“உனக்கு நிரந்தரம் வேணுமா, வேண்டாமா?”

தங்க நிறத்தில் எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே.

கமிட்டி மறுபடி கூடியது. “இதுவல்லவோ எச்.டி.ஆர்.! நேத்துக் காட்டின சாதாரண வீடியோ இதுகிட்ட நிக்குமா?” என்று கணக்கு அதிகாரி உருகிப்போனார்.

ஏற்றியதும் ஜனங்கள் குவிந்துவிட்டார்கள். ‘கண்ணு கூசுது!’ என்று எழுதாதவர் பாக்கி இல்லை. ‘எங்க தெருக் குழாய் ஒழுகுது’ என்று ஒருத்தர் எழுதினார். அதையும் எச்.டி.ஆர்.இல் எடுத்து அனுப்புமாறு துறை அன்புடன் கேட்டுக்கொண்டது. ‘இது எச்.டி.ஆர்.ஏ இல்லை’ என்று எழுதிய ஒரே ஒரு ஆளை, ‘முதல்ல நல்ல போன் வாங்குடா’ என்று மற்றவர்கள் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அந்த ஆளுக்குத் துறை சார்பில் மறுப்பு எழுதியதுதான் நிரந்தர ஊழியராக என் முதல் வேலை. அவர் சொன்னதுதான் உண்மை. எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் தன் நல்ல திரையில் அதே வீடியோவைப் போட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்குக் காட்டினதைவிட இது இன்னும் அருமைடி! மூலையில போட்டிருக்கே பாரு, எச்.டி.ஆர்.னா சும்மாவா?”

எனக்கு வந்த கோபத்தில், உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு திரையைப் பார்த்தேன். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பளபளவென்றுதான் இருந்தது.