இரண்டாவது குழந்தை

மழலையர் பள்ளியால் விளையும் நன்மைகளில் தலையாயது, குழந்தை சக குழந்தைகளோடு பழகக் கற்றுக்கொள்வது. இதில் எங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு இருவேறு கருத்து கிடையாது. சிக்கல் என்னவென்றால், எங்கள் கடலோர ஊரில் பிள்ளை பெறுகிற வயதுக்காரர்கள் எல்லாம் தலைநகர் சியோலுக்குப் போய்விட்டார்கள். போய் அங்கேயும் பெறவில்லை. பள்ளியில் மிஞ்சியது பொம் என்கிற ஐந்து வயதுப் பெண் ஒருத்திதான். சக குழந்தை இல்லாத இடத்தில் நன்மை விளையாது, நன்மை விளையாத இடத்தைத் திறந்து வைக்கலாகாது என்று பிரிவு அலுவலர் பியோ பூட்டோடு வந்து சேர்ந்தார்.

பொம்மின் அம்மா மியோங்சுக். அவளுக்குக் கடற்பாசித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. பள்ளி இருந்தால்தான் பகலில் கண்ணை மூட முடியும்.

"பூட்டுங்க ஐயா. நாளைலேருந்து பிள்ளைய உங்க நாற்காலில விட்டுட்டுப் போறேன்."

"அதுக்கு விதியில இடமில்லம்மா. இன்னொரு குழந்தை இருந்தா சொல்லு."

"எனக்குப் புருஷனே இல்ல. இன்னொரு குழந்தைக்கு எந்தப் பிரிவுல மனு குடுக்கணும்?"

பியோ நேர்மையான மனிதர். அது எந்தப் பிரிவு என்று அலுவலகத்தில் தேடிக்கூடப் பார்த்தார். கிடைக்காததால், பொதுநலன் கருதி, உதவி எழுத்தர் தாக் மறு உத்தரவு வரும்வரை குழந்தையாக நியமிக்கப்பட்டார். வயதைக் கணக்கிடும் முறையை மாற்றி, அரசாங்கம் ஒரே சட்டத்தில் நாட்டு மக்களுக்கெல்லாம் ஒன்றிரண்டு வயதைக் குறைத்திருந்த காலம் அது. தாக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

முதல் நாள் தாக் ஷூவோடு உள்ளே நுழைந்தார். கழற்றிவிட்டு வரச்சொல்லி பொம் அவரை வெளியே அனுப்பினாள். பிறகு தாக் விளையாட்டுக் கட்டைகளை எல்லாம் தன் பக்கம் குவித்துக்கொண்டு, கேட்டவளிடம் நாளைக்கு வரச் சொன்னார். ஆசிரியை அவரைச் சுவர் பார்க்க உட்காரவைத்தாள். மாதக் கடைசிக்குள் தாக் வரிசையில் நின்றார், மன்னிப்புக் கேட்டார், எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தார். மதியம் போர்வைக்குள் சுருண்டு தூங்கினார். இந்தக் கடைசிப் பழக்கம் மட்டும் பழையது.

அரசுப் பணியாளர் ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்ற செய்தியை நம்பாமல் பியோ ஆய்வுக்கு வந்தார். மதியத் தூக்கத்தையும் தீர ஆய்வு செய்தார். மறுநாள் தலையணையோடு வந்தார். வரிப்பிரிவு வந்தது, நிலப்பிரிவு வந்தது. வகுப்பு நிறைந்ததும், தேவையுள்ளோர்க்கே முன்னுரிமை என்று தீர்மானம் ஆனது. பொம் ஏற்கெனவே பகிர்ந்து தின்கிறாள், மன்னிப்பும் கேட்கிறாள். பள்ளியால் அவளுக்கு இனி விளையும் நன்மை ஏதுமில்லை. பெயர் நீக்கப்பட்டது.

மியோங்சுக் சொன்னதைச் செய்கிறவள். ஆளில்லாத அலுவலகத்தில் பியோவின் நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, பொதுமக்கள் பெஞ்சில் கால் நீட்டினாள்.

பொம்முக்கு முத்திரை குத்துவது பிடித்திருந்தது. வணக்கம் சொல்லி, வரிசையில் நின்றவர்களின் மனுவிலெல்லாம் குத்தினாள். வருஷக்கணக்காகக் கிடந்த படகு உரிமமும் கிணற்று அனுமதியும் ஒரு காலையில் நகர்ந்தன. சேதி பரவி, ஊரே திரண்டு வந்துவிட்டோம்.

"அடுத்து யாரு?" என்றாள் பொம்.

எல்லோரும் சேர்ந்து பாய்ந்தோம். முழங்கை யார் விலாவில் பட்டதென்று தெரியவில்லை. முதலில் வந்தது நான்தான் என்று எல்லோரும் கத்தினோம். பெஞ்ச் கவிழ்ந்து மியோங்சுக் தரையில் விழுந்தாள்.

பொம் முத்திரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, இவங்க யாருமே பள்ளிக்கூடம் போனதில்லையா?"

மியோங்சுக் கண்ணைத் திறக்கவே இல்லை.

"எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்கதான்டி. கதவச் சாத்து, தூங்கணும்."