திங்கட்கிழமைக்கு ஒரு பூட்டு

நாளைக்கு மனைவியை ஊருக்கு அனுப்புவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். தலைகீழாக நின்றாலும் அனுப்புவதில்லை. முடிவு என்றால் முடிவு. அதை அவளிடம் சொல்கிற தைரியம் மட்டும் இல்லை. அது ஒன்றுதான் குறை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் பாதிப் பேர் அவர் போட்டுக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். மனைவிக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மாசத்துக்கு முன்னால் அவளை நாலு மணி நேரத் தொலைவில் இருக்கிற வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள். திங்கட்கிழமை காலை ஆறரை மணி ரயிலில் போய்விடுவாள். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் பாதியைத் துணி துவைப்பது தின்றுவிடும். மீதியை அவள் தூக்கம் தின்றுவிடும். இவருக்கு மிஞ்சுவது அவள் தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

மாற்றல் கடிதம் வந்த அன்றைக்கே அவள் கேட்டாள். "போகட்டுமா, வேணாமா? உண்மையச் சொல்லுங்க."

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தாராளமா போ. நான் என்ன சின்னப் பிள்ளையா? சமாளிச்சுக்குவேன்" என்றார்.

சமாளித்த லட்சணத்தைக் கேளுங்கள். அவள் போன முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் ரெண்டு டம்ளர் டீ போட்டார். ஒன்று ஆறிப்போனது. அதையும் அவரே குடித்தார். எட்டு மாசமாக ரெண்டு டம்ளர்தான் போடுகிறார், ரெண்டையும் அவர்தான் குடிக்கிறார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் முகம் எப்படி இருக்கும் என்பதே மறந்து போச்சு. சனிக்கிழமை முகம் தெரியும், களைத்த முகம். திங்கட்கிழமை காலை முகம் தெரியும், அவசர முகம். நடுவாரத்து முகம் இன்னொரு ஊர்க்காரர்களுக்குப் போய்விட்டது.

சமாளிச்சுக்குவேன் என்று சொன்ன வாயால் இனி எப்படிப் "போகாதே" என்று சொல்வது? மானம் போய்விடும். அதனால் அந்த வேலையைக் காரிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தார்.

காருக்கு வயது இருபத்திரண்டு. ஓட விட்டால் நன்றாக ஓடும், ஆனால் கிளம்பாது. சாவி போடுகிற இக்னிஷன் பூட்டு இறுகிப் போயிருந்தது. சாவி உள்ளே போகும், திரும்பாது. அதற்கு ஒரு வித்தை உண்டு. சாவியை முழுசாகச் செருக வேண்டும். ஒரு நூலளவு வெளியே இழுக்க வேண்டும். இடது கையால் ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டே வலது கையால் திருப்ப வேண்டும். சில நாள் மூணாவது தடவையில் திரும்பும், சில நாள் முப்பதாவது தடவையில். போன வருஷம் இவர் மகா புத்திசாலித்தனமாகத் தையல் மிஷின் எண்ணெயை உள்ளே ஊற்றினார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து பசையாகி, பாதி இறுகியிருந்த பூட்டு முழுசாக இறுகியது.

"பூட்ட மாத்துங்க" என்று அவள் சொல்லாத வாரம் இல்லை. "மாத்திரலாம்" என்று இவர் சொல்லாத வாரமும் இல்லை. மாற்றவில்லை. ஏன் என்றால், திங்கட்கிழமை காலையில் சாவி திரும்பாத அந்த ரெண்டு நிமிஷம் இருக்கிறதே, அது இவருக்குச் சொர்க்கம். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருப்பாள். அந்த ரெண்டு நிமிஷத்தை ஒரு முழு நாளாக நீட்டினால் என்ன? திட்டம் இவ்வளவுதான்.

மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் குடியிருந்தார். கண்ணாடிக்காரர் படியேறினார்.

"அண்ணே, ஒரு சந்தேகம். கார்ச் சாவி திரும்பாம இருக்க என்ன பண்ணணும்?"

"திரும்ப என்ன பண்ணணும்னு கேளு தம்பி."

"இல்லண்ணே. திரும்பாம இருக்க."

டிரைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு இவரைப் பார்த்தார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். கெடுக்கறது எப்படின்னு ஒருத்தனும் வந்து கேட்டதில்ல. யாரு மேல கோவம்?"

"கோவமெல்லாம் இல்லண்ணே." இவர் தரையைப் பார்த்தார். "நாளைக்குத் திங்கட்கிழமை."

டிரைவர் மெல்லத் தலையாட்டினார். வாரத்தில் நாலு நாள் வெளியூரில் படுத்து எழுந்தவர். அவருக்குப் புரியாதா?

"முன் சக்கரத்த நடைபாதைக் கல்லு மேல நல்லா முட்டி நிறுத்து. ஸ்டியரிங்க ஒடிச்ச மேனிக்கே சாவிய எடுத்துரு. ஸ்டியரிங் பூட்டிக்கும். சக்கரத்தோட பாரம் முழுக்கப் பூட்டு மேல நிக்கும். ஒன்னோட வண்டி இருக்கற லட்சணத்துக்கு, ஆண்டவனே வந்தாலும் சாவி அசையாது."

"அப்புறமா சரி பண்ணணும்னா?"

"ஸ்டியரிங்க கல்லு பக்கமா இழுத்துப் புடிச்சுக்கிட்டுத் திருப்பு. வந்துரும்."

"அண்ணே, உங்க ஸ்கூட்டர்... அவ அதைக் கேட்டா?"

"காலைல ஆறு மணிக்கு நான் வாக்கிங் போயிருப்பேன்."

"ஸ்கூட்டர் வீட்லதானே இருக்கும்?"

"ஸ்கூட்டர்லதான் வாக்கிங் போறேன். போய்யா."

ராத்திரி அவள் தூங்கியதும் கண்ணாடிக்காரர் டிரைவர் சொன்னபடியே காரை நிறுத்தினார். திங்கட்கிழமை காலை ஆறு மணி. அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் சாவியைச் செருகினார், நூலளவு இழுத்தார், ஸ்டியரிங்கை ஆட்டினார். அசையவில்லை. டிரைவர் வாக்கு சுத்தமான வாக்கு.

"என்னாச்சு?"

"திரும்ப மாட்டேங்குது."

"என்னைக்குத் திரும்பியிருக்கு? ஆட்டுங்க."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு ரொம்பப் பிடிவாதமா இருக்கு."

"உங்க வண்டிதான."

அவர் குனிந்து பூட்டுக்குள் ஊதினார். சாவியைச் சட்டையில் துடைத்தார். வராத வியர்வையையும் சேர்த்துத் துடைத்தார். "டாக்ஸி கூப்பிடலாமான்னா, இங்க வந்து சேரவே அரை மணி ஆகும்" என்று அவள் கேட்காததற்கும் பதில் சொன்னார்.

விசித்திரம் என்னவென்றால் அரை மணி நேரமாகியும் அவள் திட்டவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்? ஒண்ணுமில்லையே."

"நிஜமா?"

"வண்டி கிளம்பலன்னா நான் என்ன பண்ண முடியும்? எனக்கென்ன, உன்னை அனுப்ப வேண்டாம்னா இருக்கு?"

இதைச் சொல்லிவிட்டுத் தன் நேர்மையை நிரூபிக்க, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துச் சாவியை ஒரு திருகு திருகினார்.

டிக்.

கையில் பாதிச் சாவி இருந்தது. மீதிப் பாதி பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அவள் அந்தப் பாதிச் சாவியைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு முப்பத்தைந்து. ரயில் போயாச்சு. இறங்கி, ஃபோனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் ரெண்டு நிமிஷம் பேசினாள். ஆபீசுக்கு லீவு சொல்கிறாள் என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்துவிட்டது. சாவி போனால் போகட்டும். ஒரு முழுத் திங்கட்கிழமை கையில் வந்து விழுந்திருக்கிறது. ரெண்டு டம்ளர் டீயில் இன்றைக்கு ஒன்றைத்தான் குடிக்கப் போகிறார். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதாதா?

அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

மெக்கானிக். ஊரில் அவருக்கு 'நிதானம்' என்றுதான் பேர். ஒரு ஆணியைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் வம்ச வரலாற்றைச் சொல்லக் கூடியவர்.

"உங்களை யாரு கூப்பிட்டது?"

"மேடம்தான். சார், டார்ச் புடிக்க ஒரு ஆள் வேணும். நான் தனி ஆளு."

"சாயங்காலமா பாத்துக்கலாமே..."

"என்ன சாயங்காலம்?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அடுத்த வாரமும் இதே கதைதான் நடக்கணுமா? இன்னைக்கே பூட்ட மாத்திருங்க. கூடவே இருந்து பாத்துக்குங்க."

அவ்வளவுதான். ஏழரை மணிக்குக் கண்ணாடிக்காரர் டார்ச்சைப் பிடித்தார். நிதானம் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினார். உடைந்த சாவித் துண்டை எடுக்க ஒன்றரை மணி நேரம். புதுப் பூட்டு வாங்கப் போய்வர ஒரு மணி நேரம். வாங்கி வந்தது வேறு மாடல். அதை மாற்றப் போய்வர இன்னும் ஒரு மணி நேரம். போகும்போது கழற்றிய திருகுகளை ஒரு மூடியில் போட்டு, "சார், இதை அசையாம புடிச்சுக்கிட்டு உக்காருங்க. ஒண்ணு தொலைஞ்சாலும் நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கும் காருக்கும் பத்து அடி தூரம். ஜன்னல் திறந்திருந்தது. அவள் ரேடியோ வைக்கிற சத்தம் கேட்டது. ஊஞ்சல் நாற்காலி ஆடுகிற சத்தம் கேட்டது. யாரிடமோ ஃபோனில் பேசிச் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பு அவருக்கு மறந்தே போயிருந்தது. முதலில் மூக்கால் சிரிப்பாள், அப்புறம்தான் வாயால். நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது கூட இவ்வளவு ஏக்கமாக இருந்ததில்லை. பத்து அடி ரொம்பக் கொடுமை.

பதினோரு மணிக்கு அவள் டீ கொண்டுவந்தாள். தலை குளித்து, ஈர முடியை அப்படியே விட்டிருந்தாள். அவசரம் இல்லை. களைப்பு இல்லை. காதோரம் ஒரு நரை புதுசாக வந்திருந்தது. எப்போது வந்தது? யாரைக் கேட்டு வந்தது? கண்ணாடிக்காரர் பார்த்தது பார்த்தபடி இருந்தார்.

"சார்," என்றது காருக்குள்ளிருந்து ஒரு குரல். "மேடம் மேல எதுக்கு லைட்டு? பூட்டு இங்க இருக்கு."

அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வேலை முடியும்போது மணி ஐந்தே முக்கால். நிதானம் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கண்ணாடிக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவள் பையோடு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க?"

"ஏழு மணி ரயிலுக்கு. திங்கட்கிழமைன்னா லேட்டா போகலாம். நாளைக்கு எட்டு மணிக்கே நான் அங்க நிக்கணும்."

இவர் ஏறி உட்கார்ந்தார். "திடீர்னு கேட்டதுக்கு ஒரு நாள் லீவு குடுத்தாங்களே, அதுவே பெருசு" என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"திடீர்னா? இன்னைக்கு லீவுன்னு வெள்ளிக்கிழமையே எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"காலைல ஃபோன்ல?"

"நிதானத்துக்கிட்ட பேசினேன்."

"அப்போ எதுக்கு ஆறு மணிக்குப் பையத் தூக்கிட்டு வந்த?"

"நீங்க போகாதன்னு சொல்றீங்களான்னு பாக்க. எட்டு மாசமா ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாக்கறேன். இன்னைக்கு வாயத் தொறந்திருந்தா அப்பவே பைய உள்ள போட்டுட்டு வந்து உங்க கூட உக்காந்திருப்பேன். சக்கரம் கல்லு மேல ஏறி நிக்குது, கண்ணாடிக்காரர் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியாதா? சரி, இப்பவாவது சொல்லிருவாருன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். நீங்க சாவிய ஒடிச்சீங்க. எனக்குக் கோவம் வராதா?"

அவர் புதுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. எதிர்வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"போகாத" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அடுத்த திங்கட்கிழமை காலைல இதே மாதிரி சொல்லுங்க. இப்ப வண்டிய எடுங்க."

கண்ணாடிக்காரர் சாவியைச் செருகினார். நூலளவு இழுக்கவில்லை. ஸ்டியரிங்கை ஆட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, திரும்பாதே, ஒரு அஞ்சு நிமிஷமாவது திரும்பாதே என்று பூட்டிடம் கெஞ்சிக்கொண்டே லேசாகத் தொட்டார்.

நிதானத்தின் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தொட்டதும் கிளம்பிவிட்டது.