லுசேங்கா சந்தைக் கழிப்பறையின் நான்காம் திறப்பு விழா

உலகில் இதுவரை பூட்டிய கதவுகளைத் திறந்தவை சாவி, கடப்பாரை, யானை ஆகிய மூன்றுதான். மேற்குக் கென்யாவின் லுசேங்கா சந்தையிலோ, ஒற்றை வரி ஒன்றும் நாலாயிரம் சொல் கட்டுரை ஒன்றும் தோளோடு தோள் சேர்ந்து தள்ளி ஒரு கதவைத் திறந்தன. தள்ளும்போது அந்தக் கட்டுரைக்கு மூச்சு வாங்கிய சத்தம் உகாண்டா எல்லைவரை கேட்டது. நம்பாதவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊரிலேயே ஒருத்தி நெடுநாள் நம்பவில்லை. அவள் கட்டுரை எழுதியவரின் மனைவி.

கதவின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது சந்தைக்காக மாவட்ட அரசு கட்டிய கழிப்பறையின் கதவு. அடிக்கல் நாட்டியபோது, கூரை வேய்ந்தபோது, குழாய் பொருத்தியபோது என்று மூன்று முறை சுகாதார அமைச்சர் அமுகுனே அங்கே வந்து நாடா வெட்டினார். அவர் பெயர் பொறித்த பளிங்குக் கல்வெட்டு ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டதால் சன்னல் வைக்க இடமில்லாமல் போயிற்று. விழா முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை மாவட்டத் தலைமையகத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். திறந்து விட்டால் மக்கள் உபயோகித்துவிடும் அபாயம் இருந்ததே. இந்தத் 'தொலைநோக்குப் பராமரிப்பின்' பயனாக, கண்டத்திலேயே மிகத் தூய்மையான பொதுக் கழிப்பறை லுசேங்காவில் விளங்கியது.

அதன் எதிரில்தான் விஹெண்டா ஒமேனாக் கருவாடு விற்றாள். அவசரம் என்றால் குன்றேறித் தேவாலய வளாகத்துக்குப் போக வேண்டும். வீங்கிய மூட்டுக்கு அது ஆகாது. எனவே விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீரும் கிடையாது, தேநீரும் கிடையாது. அந்த வட்டாரத்து மராகோலி இனத்தவர் ஒருவர் பால் தேநீர் இல்லாமல் ஒரு பகலைக் கழித்தால் உறவுக்காரர்கள் பாய் தலையணையோடு வந்து விசாரிப்பது வழக்கம். விஹெண்டாவுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. நிறையக் குடிக்கச் சொன்னார் மருத்துவர். "குடிச்சுட்டு?" என்று கேட்டாள் அவள். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணவர் கடென்யி, வலைப்பூ எழுதி அவளைக் காப்பாற்றுவதென்று முடிவு செய்தார். கட்டுரை ஆங்கிலேயர் ரயில் பாதை போட்ட காலத்தில் புறப்பட்டது. வழியில் மண்வகைகளை விளக்கியது. அது கழிப்பறைக் கதவை எட்டுவதற்குள் வாசகருக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

"எத்தனை பேரு படிச்சாங்க, பாபா கவேரே?" என்று, மகள் கவேரேயின் அப்பா என்ற முறையில் அழைத்துக் கேட்டாள் விஹெண்டா.

"மூணு பேரு."

"அதுல மனுசங்க?"

"ரெண்டு. அதுல ஒருத்தன் நான்."

"உங்க எழுத்துக்குக் கொசுவலைகூட ஆடாது. அடுத்த தடவை தாள்லயாவது எழுதுங்க, கருவாடு மடிக்க ஆகும்."

பக்கத்துக் கடையில் கைபேசிப் பணம் அனுப்பித் தரும் ககேஹா என்ற பெண் வேறு சாதி எழுத்தாளர். ஒரு வரிக்கு மேல் எழுதினால் அவளுக்குக் கை வலிக்கும். "எங்க கக்கூசுக்கு மூணு திறப்பு விழா. திறக்காதது கதவு மட்டும்," என்று காலையில் பதிவிட்டாள். மதியத்துக்குள் நாடே சிரித்தது. மாலையில் ஒரு பந்தாட்டக்காரர் தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொள்ள, நாடு அந்தப் பக்கம் போய்விட்டது.

கடென்யியும் ககேஹாவும் தலைமையகத்துக்கு முறையிடப் போனார்கள். அங்கே 'குறும்பதிவுத் துணை இயக்குநர்', 'நெடும்பதிவுத் துணை இயக்குநர்' என்று இருவர் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்து மக்கள் சேவை செய்துகொண்டிருந்தார்கள்.

"விவரம் போதாதும்மா," என்றார் குறும்பதிவு. "எந்தக் கதவு, எந்தக் கக்கூசு?"

"எல்லாம் இவரு கட்டுரையில இருக்கு சார்."

"அது நீளம். நீளம் பின்னால இருக்கிற மேசை."

நெடும்பதிவு திரும்பி, பெரியவர்களை அழைக்கும் 'முஸே' என்ற மரியாதைச் சொல்லோடு கடென்யியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படிச்சுக்கிட்டே இருக்கேன், முஸே. இப்பதான் ரயில் வந்திருக்கு. பிரமாதம். சுருக்கம் ஏதும் இருக்கா?"

"இவ எழுதின வரிதான் சுருக்கம்."

"ஐயோ, அது முன்னால இருக்கிற மேசையாச்சே."

திரும்பும்போது மடாட்டு என்னும் சிற்றுந்தில் ககேஹா மெல்ல ஆரம்பித்தாள். "முஸே, என் வரிக்குக் காலு இல்ல. உங்க கட்டுரைக்கு முகம் இல்ல. ரெண்டையும் ஒட்டிப் பாப்பமா?"

"ரயில் பாதையை வெட்டக் கூடாது."

"வெட்டல. கடைசியில போட்டுக்கலாம். கதவுல ஆரம்பிங்க."

தினமும் காலையில் அவளது ஒரு வரி; அதன் அடியில் அவர் கட்டுரைக்குப் போகும் வழி. சிரிக்க வந்தவர்கள் உள்ளே போய் மாட்டிக்கொண்டார்கள். மண்வகைகளைக்கூடப் படித்தார்கள். நாடா வெட்டிய வறண்ட கிணறு, நாடா வெட்டிய நதியில்லாப் பாலம் என்று தத்தம் ஊர்ச் செல்வங்களைக் கட்டுரைக்குக் கீழே கொண்டுவந்து குவித்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பக்கத்து ஊர்ச் சவ அடக்கத்துக்கு அமைச்சர் வந்தார். அந்தப் பக்கத்தில் எந்த அரசியல்வாதியும் இழவு வீட்டைத் தவறவிடுவதில்லை. அவ்வளவு கூட்டமும் ஒலிபெருக்கியும் வேறெங்கே இலவசமாகக் கிடைக்கும்? எழுந்து நின்று கண்ணைத் துடைத்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாவி எங்க?"

கூட்டம் முழுவதும் அதையே கேட்டது.

"அன்பு மக்களே, தண்ணி இணைப்பு இன்னும் வரல," என்றார் அமைச்சர்.

பந்தலுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர் கைபேசியை உயர்த்திக் கடென்யியின் கட்டுரையை உரக்கப் படித்தார். "'மூன்றாம் திறப்பு விழாவில் மாண்புமிகு அமைச்சர் இந்தக் குழாயில் கை கழுவினார். படம் கீழே.' படம் இருக்கு, பாக்குறீங்களா ஐயா?"

படம் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்குப் போயிற்று. போதகர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தண்ணி வருது," என்று தீர்ப்புச் சொல்லி அமைச்சரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் வேறொரு இழவு வீட்டிலும் அதே கேள்வி, அதே படம். இழவில் பேச முடியாத அரசியல்வாதிக்கு அந்த நாட்டில் பிழைப்பு ஏது?

நான்காம் திறப்பு விழா நடந்தது. "குறும்பதிவும் நெடும்பதிவும் கைகோத்த இந்த 'மின்வழி நல்லாட்சி' நம் அரசே தீட்டிய திட்டம்," என்று முழங்கினார் அமுகுனே. இரண்டு துணை இயக்குநர்களையும் ஒருங்கிணைக்க மேலும் ஓர் இயக்குநர் நியமிக்கப்பட்டார். முக்கியமாக, சாவி கதவிலேயே விடப்பட்டது.

மறுநாள் முற்பகலில், வெட்ட வெளிச்சத்தில், ஊரே பார்க்க விஹெண்டா தேநீர் குடித்தாள். மேலும் ஒரு குவளை குடித்தாள். எழுந்து நிதானமாக எதிர்ப்பக்கம் போய்விட்டு வந்தாள்.

கடென்யி காத்திருந்தார். "இப்ப சொல்லு. எழுத்தாலதானே திறந்துச்சு?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, சந்தைக்கு அப்பால் நாடா வெட்டிப் பூட்டிக் கிடந்த பிரசவ ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். வாசலில், நிறைமாதக்காரி ஒருத்தி பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கக்கூசுக்கே நாடு முழுக்கப் படிக்க வேண்டியிருந்துச்சு," என்றாள். "எழுத்தாலதான் திறந்துச்சு, பாபா கவேரே. ஒத்துக்கறேன். அதான் எனக்குப் பயமா இருக்கு."