நான் கேப்டன் ஆன விதம்

நானும் என் மனைவியும் ஒரே விமான நிறுவனத்தில், ஒரே நாளில் துணை விமானிகளாகச் சேர்ந்தோம். சீனியாரிட்டி எண்ணுக்கான குலுக்கலில் அவளுக்கு 211, எனக்கு 212. கல்யாணம் பிறகு. பதினோரு வருஷமாக லீவு, நல்ல பயணம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அவள் எடுத்தது போக மிச்சம்தான் எனக்கு. யூனியன் ஒப்பந்தம் அப்படி. எத்தனை பெரிய கெட்டிக்காரனும் அந்தச் சீனியாரிட்டி பட்டியல் முன்னால் கைகட்டித்தான் நிற்க வேண்டும்.

போன மாதம் ஒரு கேப்டன் இடம் வந்தது. 210 வரை எல்லோரும் ஏற்கெனவே கேப்டன்கள். அடுத்தது அவள். இந்த ஒரு தடவையாவது முந்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தேன். "கேப்டன்னா பொறுப்பு ஜாஸ்திம்மா. உன் முதுகுவலிக்கு ஒத்துக்குமா?"

"ரெண்டு சீட்டும் ஒரே குஷன்தானே?"

"பாப்பாவுக்கு வேற பரீட்சை வருது."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, நான் கேக்கலை. நீங்களே அப்ளிகேஷன் போடுங்க."

இத்தனை சுலபமா? எனக்கே வெட்கமாக இருந்தது. வீட்டில் அவள் கிழித்த கோட்டைத் தாண்டாதவனுக்குத் தோளில் நாலு கோடு. சம்பளம் ஒன்றரை மடங்கு. கண்ணாடியை விட்டு நகரவே மனமில்லை.

முதல் மாத அட்டவணை வந்தது. அதில் எனக்குப் பயணமே இல்லை. கேப்டன்களில் நான்தான் கடைசி; கடைசி ஆள் மாற்று ஆளாகக் காத்திருக்க வேண்டும் என்பது யூனியன் விதி. யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். அதுவரை சீருடையோடு வீட்டிலேயே காவல். சமையல், துணி, பாப்பாவின் கணக்குப் பாடம் எல்லாம் என் தலையில். அவளோ துணை விமானிகளில் முதல் ஆள். கடற்கரை ஊர்கள், வாரத்தில் மூன்றே நாள் வேலை.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? அந்த விதியை எழுதின யூனியன் கமிட்டியில நான் இருந்தேனே. கேப்டன் சம்பளமும் வருது, வீட்டுல ஆளும் இருக்கு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்தேன். இப்படி ஒரு மூளையோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

"அப்ப நீ கேப்டன் ஆகவே போறதில்லையா?"

"ஏன், ஆவேன். உங்களுக்குக் கீழ ஒரு அம்பது பேர் சேரட்டும். அப்புறம் என் 211-ஓட வந்து உங்களுக்கு முன்னாடி நின்னுக்கறேன்."