அவர் அவரிடம் கொடுக்க வேண்டும்

"வக்கீலம்மா, இதுல 'அவள்'னு போட்டிருக்கீங்களே, யாரு அவ? நான் இவளுக்கு மூத்தவ!" தையற்கடை அக்கா காகிதத்தை மேசைமேல் போட்டாள்.

வக்கீலம்மாவுக்குச் சுருக்கென்றது. அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய கடையைப் பிரிக்கும் பத்திரம் அது. பக்கத்துக்குப் பத்து 'மேற்படியார்' போடாமல், பேசுகிற மாதிரி ஒரே தாளில் எழுதியிருந்தாள். இப்படி அவள் எழுதிய முதல் பத்திரம்.

"கட்சிக்காரங்களுக்கே புரிஞ்சிட்டா நம்மள யாரும்மா தேடி வருவா?" என்று சக வக்கீல்கள் ஏற்கெனவே சிரித்தாயிற்று. இது தேறாவிட்டால் கோர்ட்டே கைகொட்டிச் சிரிக்கும்.

அக்காவைக் குறித்த 'அவள்' என்பதை 'அவர்' ஆக்கினாள்.

"அவங்களுக்கு மட்டும் மரியாதை, எனக்குக் கிடையாதா? நானும் பாதி முதலாளிதான்," என்றாள் தங்கை, சுவரைப் பார்த்து. அவள் கணவர் வெளியே வராந்தாவில் காத்திருந்தார்.

இருவரையும் 'அவர்' ஆக்கினாள். இப்போது, 'ஓவர்லாக் மெஷினை அவர் அவரிடம் கொடுக்க வேண்டும்' என்று நின்றது. யார் யாரிடம் என்று எழுதியவளுக்கே விளங்கவில்லை.

எழுத்தே வேண்டாம் என்று, கடையைப் படமாக வரைந்து நடுவில் ஒரு கோடு இழுத்தாள். கோடு, துணி வெட்டும் மேசையின் வயிற்றில் ஏறியது.

"மேசைய அறுக்கப் போறீங்களா?" அக்கா அலறினாள்.

தங்கை வெடுக்கென்று திரும்பினாள். "அறுத்தா என்ன? அதுல நீ ஒருநாளாவது நேரா வெட்டியிருக்கியா?"

"உன் கல்யாண உடுப்ப யாருடி வெட்டுனா?"

"அதான் ஒரு கை நீளமா இருந்துச்சு!"

"நீ ஆடாம நின்னிருந்தா அளவு சரியா வந்திருக்கும்!"

வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, தெம்பாகத் தொடர்ந்தார்கள். பக்கத்து அறை வக்கீல்கள் கதவருகே கூடிவிட்டார்கள். அரை மணி கழித்துச் சகோதரிகள் கையெழுத்துப் போடாமலே கிளம்பினார்கள். படியிறங்கும் வரை கத்தல் கேட்டது.

வக்கீலம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பேசாமல் 'மேற்படியார்' என்றே எழுதியிருக்கலாம். ஒன்றும் புரியாமல், சண்டையும் இல்லாமல் போயிருப்பார்கள்.

தங்கையின் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்க, நான்தான் சண்டைய மூட்டிவிட்டுட்டேன்," என்றாள்.

"நீங்க வேற மேடம்! ஒரே கடையில மூணு வருஷமா முகத்தைத் திருப்பிக்கிட்டு, எதையும் என்கிட்டயே சொல்லி அனுப்புனவங்க, இன்னைக்குத்தான் நேருக்கு நேர் பேசியிருக்காங்க. அடுத்த வாரமும் இந்தப் பத்திரத்தை வாசிக்க நேரம் கிடைக்குமா?"